செலிபத்தேர் என்று எழுதிய கை

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் விரலில் தட்டித் தட்டி வளைத்த எழுத்து. அதைப் பார்த்து 'அச்சடிச்ச மாதிரி இருக்கு' என்று யாராவது இன்றைக்குச் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. சொன்னவர்மேல் அல்ல, அந்த எழுத்தால் நான் செய்த காரியத்தின்மேல்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறிய கையோடு எனக்குக் கேஸில் வேலை கிடைத்தது. கேஸ் என்றால் வழக்கு இல்லை. பிரெஞ்சில் பணப்பெட்டிக்கு அந்தப் பெயர். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து நடத்திய தர்ம நிதியை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மதராஸ் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு அதிகாரி, தெருவில் பாதிப் பேர் 'கேஸுக்குப் போறேன்' என்பதைக் கேட்டுவிட்டு, "இந்தச் சின்ன ஊர்ல இத்தனை வழக்கா?" என்று என் அப்பாவிடம் விசாரித்தாராம். அப்பா அரசாங்க அலுவலகத்தில் பியூன். வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் படித்ததே கேஸ் கொடுத்த உதவியில்தான். பதிமூன்று வயதில் தலைவர் வீட்டுத் தோட்டத்தில், வருடாந்திர உதவி வழங்கும் விழாவில் என்னை நிறுத்தி வைத்து நன்றி சொல்லவைத்தார்கள். அதற்குக் 'கொம்ப்ளிமான்' என்று பெயர். பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல், கையைக் கட்டிக்கொண்டு, பிரெஞ்சில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு தலைவர் யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும் "நம்ம கேஸ் பொண்ணு" என்றுதான் சொல்வார். வீட்டு நாயை வந்தவர்களுக்குக் காட்டுவதற்கும் இதற்கும் எனக்கு அப்போது வித்தியாசம் தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

தலைவருக்கு ஊரில் ஒரு மில்லில் பெரிய பங்கு. கமிட்டியில் அவருக்கு அடுத்தபடி நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிப் பதிகிறவர். மற்றவர்கள் தலையாட்ட வருகிறவர்கள். உதவி கேட்டு வருகிறவர்களுக்கு ஃபாரம் நிரப்புவது, கமிட்டி கூடும்போது நொத்தேர் சொல்லச் சொல்ல எழுதுவது, பதில் கடிதம் எழுதுவது, எல்லாம் என் வேலை. எல்லாமே பிரெஞ்சில். கேட்டு வருகிற நூறு பேரில் ஒருவருக்கு அந்த பாஷை தெரிந்தால் ஆச்சரியம். தமிழில் ஒரு ஃபாரம் போடலாமே என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். "தமிழ்ல போட்டா கண்டவனும் வருவான்" என்றார் நொத்தேர். தர்மம் கேட்க கண்டவன் வராமல் கவர்னரா வருவார்? கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ஃபாரம் கொடுத்தால் ஆயிற்றா? விசாரணை உண்டு. கமிட்டிக்காரர்களின் வீட்டம்மாக்கள் இரண்டு பேர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, கேட்டவர்களின் வீட்டு அடுப்பங்கரை வரை போவார்கள். பித்தளைக் குடம் இருந்தால் ஏழை இல்லை. குழம்பில் மீன் கிடந்தால் ஏழை இல்லை. அதனால் விசாரணை நாளன்று எங்கள் பகுதியில் பித்தளைப் பாத்திரமெல்லாம் பக்கத்து வீட்டுக்கு விருந்து போய்விடும். அந்த அம்மாக்கள் அடுத்து அந்தப் பக்கத்து வீட்டுக்கே விசாரணைக்கு நுழைந்து, ஒரே வீட்டில் ஒன்பது குடத்தைப் பார்த்து மயங்கிய கதையும் உண்டு. சிரிப்புத்தான். ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் வைக்கிற குடத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துவைக்க வைத்தார்களே, அதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அந்த வருடம் மழை விட்ட மாதத்தில் அவள் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அரியாங்குப்பத்திலிருந்து கல்யாணமாகி வந்து மில்லுக்குப் பின்னால் ஒரு வரிசைவீட்டில் குடியிருந்தவள். புருஷன் அதே மில்லில், தலைவர் பங்கு வைத்திருந்த மில்லில், நூற்புப் பகுதியில் பஞ்சைச் சுவாசித்துச் சுவாசித்து இருமியே செத்துப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு வேண்டியது ஒரு தள்ளுவண்டி. மில் வாசலில் ஷிப்டு மாறுகிற நேரத்தில் இட்லியும் ஆப்பமும் விற்பாள். கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோனால் முப்பது இட்லிக்கு மேல் முடியவில்லை. வண்டி இருந்தால் அடுப்போடு கொண்டுபோகலாம்.

"வண்டி மட்டும் கெடச்சுட்டா போதும் தங்கச்சி. இவள இஸ்கூல்லேர்ந்து நிறுத்த வேணாம்" என்றாள்.

இவள் என்றது அவள் மகளை. நாலாம் வகுப்புப் படிக்கிறவள். என் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஃபாரத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இந்த எழுத்துக்கு மட்டும் ஏன் தலையில குச்சி சொருவியிருக்கு?" என்று கேட்டாள். பிரெஞ்சில் சில எழுத்துக்கு மேலே ஒரு சாய்கோடு போடுவோம், அதைத்தான் கேட்டாள். நான் சொல்லிக் கொடுத்தேன். உடனே மேஜைமேல் விரலால் எழுதிப் பார்த்தாள். இது படிக்கிற குழந்தை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று.

ஃபாரத்தில் ஒரு கட்டம் உண்டு. கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா, விதவையா என்று அதில் எழுத வேண்டும். விதவைக்கு 'வெவ்'. ஆகாதவளுக்கு 'செலிபத்தேர்'. எழுதுவது மேரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், உள்ள பதிவோடு ஒத்துப்போக வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

"மேரியில பதிஞ்சீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"மாரியம்மன் கோயில்லதான் கட்டுனாங்க. மேரியில எதுக்கு?"

மேரிக்கும் மாரிக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை விழுந்துபோகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதிக் கல்யாணம் அப்படித்தான். கோயிலில் தாலி கட்டி, சாப்பாடு போட்டு, முடிந்தது. பிரெஞ்சுக்காரன் சட்டத்துக்கு அது கல்யாணமே இல்லை. நானோ பிரெவே படித்த மேதாவி. மறுநாள் நானே மேரிக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். அவள் பெயர் இல்லை. வெவ் என்று எழுதினால் பொய்யாகும் என்று நினைத்தேன். கட்டத்தைக் காலியாக விட்டால் ஃபாரம் திரும்பிவிடும். கடைசியில், என் அழகான கையெழுத்தில், வளைவெல்லாம் சரியாக வரும்படி, செலிபத்தேர் என்று எழுதினேன். அது வெறும் ஆபீஸ் வார்த்தை என்று நம்பினேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த முட்டாள் பெண்ணை இழுத்துவைத்து அறைய வேண்டும்போல இருக்கிறது.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது. நொத்தேர் ஃபாரத்தை உரக்கப் படித்தார். "செலிபத்தேர். ஒரு பெண் குழந்தை." மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். மேஜையைச் சுற்றி ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது.

"முசே, அவங்க விதவை. புருஷன் நம்ம தலைவர் மில்லுலதான் வேலை பார்த்தார். கோயில்ல நடந்த கல்யாணம்" என்றேன்.

"அக்து எங்கே?" என்றார் நொத்தேர். அக்து என்றால் பத்திரம்.

 தலைவருக்கு அவள் புருஷனைத் தெரியும். செத்த அன்று மில்லிலிருந்து மாலை போயிருக்கிறது. அந்த மாலையை யாருடைய புருஷனுக்குப் போட்டார்கள்? பத்திரம் பார்த்துவிட்டா போட்டார்கள்? வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் மனுஷன். பிறகு நொத்தேர் பதில் கடிதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். இன்னார், செலிபத்தேர், ஒரு குழந்தையின் தாய், ஒழுக்கம் சார்ந்த காரணத்தால் கமிட்டி இந்த விண்ணப்பத்தை ஏற்க இயலாது.

நான் எழுதினேன். அதுதான் உண்மை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். 'கேஸ் பொண்ணு' எழுந்து வருவாளா? எழுதி முடித்து, ஒற்றுத்தாள் வைத்து ஒற்றி, உறையில் போட்டேன். சாயங்காலம் நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் எங்கள் கேஸ் பியூன் சைக்கிளில் போகிறபோதே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

அவள் வரிசைவீட்டுக்கு எதிரே ஒரு தெருக்குழாய். அதன் பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக் கடிதம் யாருக்கு வந்தாலும் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் படிப்பதென்றால் பாளையத்தில் உத்தரவு வாசிக்கிற மாதிரி, தெருக்கோடிக்குக் கேட்கும்படி, முதலில் பிரெஞ்சில் படித்து, வரிக்கு வரி தமிழில் சொல்வார். தண்ணீர் வருகிற நேரம். குழாயடியில் கூட்டம். வண்டி கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை நீட்டியிருக்கிறாள்.

"கல்யாணம் ஆகாத பொம்பள" என்று அவர் படித்திருக்கிறார். "ஒரு கொழந்தைக்குத் தாயி. ஒழுக்கம் செரியில்லாததால..." அந்த இடத்தில்தான் அவருக்கே என்ன படிக்கிறோம் என்று உறைத்து நிறுத்தியிருக்கிறார். நிறுத்தி என்ன பயன்? வரிசையில் குடம் வைத்திருந்த அத்தனை பேரும் கேட்டாயிற்று.

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்கு வந்தாள். நான் பயந்த மாதிரி கத்தவில்லை. கடிதத்தை என் மேஜைமேல் வைத்தாள்.

"இது நீ எழுதுன எழுத்துதான?"

"ஆமாம் அக்கா."

"நான் வண்டி கேட்டேன். நீ என்னா எழுதுன?"

சட்டம், மேரி, பதிவேடு என்று ஏதேதோ சொன்னேன். என் காதுக்கே அசிங்கமாக இருந்தது.

"எம் புருசன் செத்தப்ப பதினாறாம் நாளு தாலிய அறுத்தாங்க. அந்தத் தெருவே நின்னு பாத்துச்சு. கட்டாத தாலியவா அறுத்தாங்க?" என்றாள்.  "எம் பொண்ணு குழாய்க்குப் போவ மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பத்திரம் இல்லாத கல்யாணத்துக்கு, அதைக் கண்ணால் பார்த்த சாட்சிகளைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்திப் பத்திரம் வாங்க வழி உண்டு. இது நொத்தேருக்குத் தெரியாதா? அதை எழுதியே பிழைக்கிறவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இன்றுவரை நான் மன்னிக்காதது அவருடைய சிரிப்பைக்கூட இல்லை, அந்த வாயடைப்பைத்தான்.

சாட்சிகளைச் சேர்ப்பதற்குள் மாதக்கணக்காயிற்று. மில்லில் பாதி நாள் லீவு போட்டால் ஃபோர்மன் முகத்தைக் காட்டுவான். கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் ஒருவர், மேளம் வைத்துக் கொடுத்தவர் ஒருவர், அரியாங்குப்பத்தில் அவள் தாய்மாமன் என்று ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அந்தச் சொல்தாகூட, கல்யாணத்தையே பார்க்காதவர், "நானும் வரேன் பாப்பா, எவ்ளோ சத்தமா வேணும்னாலும் சொல்றேன்" என்று கிளம்பினார். அவரைத் தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதற்கு நடுவில்தான் ஒரு நாள், கமிட்டிக் குறிப்பில் கையெழுத்து வாங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் பெரிய மஞ்சள் வீடு. நான் எப்போதும் போல பக்கவாட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தது அந்தச் சின்னப் பெண், என் மேஜைமேல் விரலால் எழுதிப் பார்த்தவள். தலையில் எண்ணெய் வழித்துச் சீவி, யாரோ போட்டுக் கழித்த, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கவுன் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், உடனே சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்ததும் அவள்தான். மேஜையில் என் காகிதங்கள் பரந்து கிடந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. டம்ளரைச் சிந்தாமல் வைப்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

"பார்த்தியா? நம்ம வீட்டு மதாம்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. மாசாமாசம் அரிசியும் அனுப்பறோம். கமிட்டி முடியாதுன்னு சொல்லிடுச்சு, அதுக்காக நாம கைவிட்டுட முடியுமா?" என்றார் தலைவர். நல்லது செய்த திருப்தி அவர் முகத்தில் வழிந்தது. நடிப்பு இல்லை. நிஜமாகவே நம்பினார்.  வண்டியைக் கொடுக்காமல் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள், அதற்கும் அவர்கள் வீட்டில் தர்மம் என்றுதான் பெயர். நான் அந்தக் காப்பியைக் குடித்தேன். குடித்துவிட்டு கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பத்திரம் வந்தது. இன்னார் இன்னாரின் மனைவி, இப்போது விதவை என்று, முத்திரையோடு. வியாழக்கிழமை அதை நொத்தேர் முன்னால் போட்டேன். இந்த வருடப் பட்டியல் முடிந்துவிட்டது என்றார். அடுத்த வருடப் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. ஏறும்போது நொத்தேர் சொல்ல நான் எழுதிய வாக்கியம்: கமிட்டி தன் பெருந்தன்மையால், விதவை இன்னாருக்கு ஒரு தள்ளுவண்டி வழங்கத் தீர்மானிக்கிறது. பெருந்தன்மையாம்! பேனா முனை காகிதத்தில் குத்தி ஒரு சொட்டு மசி தெறித்தது. என் வாழ்க்கையில் நான் கெடுத்த ஒரே ஆபீஸ் காகிதம் அதுதான். அதைத் திருப்பி எழுதாமல் அப்படியே கொண்டுபோனேன்.

அவள் குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். என்னைப் படிக்கச் சொல்லவில்லை. நேரே சொல்தா வீட்டுக்குப் போய், "அய்யா, அன்னிக்குப் படிச்ச மாதிரியே படிங்க, ஒரு எழுத்து கொறையாம" என்றாள். அவர் வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். 'வெவ்' என்ற வார்த்தை வந்ததும் நிறுத்தி, மூச்சு இழுத்து, "விதவை! கட்டுன புருசன் செத்துப்போன விதவை!" என்று, கடிதத்தில் இல்லாததையும் சேர்த்து, தெருக்கோடிக்குக் கேட்கக் கத்தினார்.  குழாயடியில் ஒரு கிழவி தன் குடத்தை நகர்த்தி இவள் குடத்துக்கு இடம் விட்டாள்.

நான் சந்தோஷப்பட்டேன். செய்த பாவத்தைக் கழுவிவிட்டேன் என்று நினைத்தேன். அவள் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினாள்.

"வண்டி வந்து என்னா பண்றது தங்கச்சி? யாருக்காவ வண்டி கேட்டேன்? அவதான் அங்க பாத்திரம் தேய்க்கறாளே. ஒரு வருசமா இஸ்கூல் போவல."

"போய்க் கூட்டிட்டு வாங்க அக்கா."

"எப்டிப் போவேன்? எங் கொழுந்தன் அவங்க மில்லுலதான் வேல செய்யறான். நான் வாசல்ல போயி நின்னா மறுநாளு அவனுக்கு வேல இருக்காது." மடித்த கடிதத்தை என் கையில் திணித்தாள். "வண்டிக்கு ஃபாரம் வச்சிருக்கீங்க. அரிசிக்கு ஃபாரம் வச்சிருக்கீங்க. குடுத்த புள்ளைய திருப்பிக் கேக்கறதுக்கு ஒரு ஃபாரம் இருக்குதா? இருந்தா எழுது."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். எங்களிடம்தான் எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்ததே, இதற்கும் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

அங்கிருந்து நேரே அந்த மஞ்சள் வீட்டுக்கு நடந்தேன். வழியில் என்ன பேச வேண்டும் என்று பிரெஞ்சில் அடுக்கிக்கொண்டே போனேன். வாசல் வந்ததும் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. இந்த முறை பக்கவாட்டுக் கதவுக்குப் போகவில்லை. முன்வாசல் வழியாக, கூடத்தில் உட்கார்ந்திருந்த தலைவரைத் தாண்டி, பின்கட்டுக்குப் போனேன். அந்தச் சின்னப் பெண் முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

தலைவரின் மனைவி, அந்த மதாம், உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "யார் சொல்லிக் கூட்டிட்டுப் போற? அவங்க அம்மா அனுப்பினாளா?"

"அவங்களுக்குத் தெரியாது. நானாகத்தான் வந்தேன். நாளையிலேர்ந்து நான் கேஸுக்கும் வரல" என்றேன். அந்தக் கொழுந்தன் வேலை போய்விடக் கூடாது என்று, அவளுக்குத் தெரியாது என்பதை மட்டும் நன்றாக உரக்கச் சொன்னேன். சொல்தா எனக்குள் புகுந்துகொண்ட மாதிரி இருந்தது.

"உன்னைப் படிக்கவச்சதே நாங்க!" என்றார் தலைவர், கூடத்திலிருந்து.  அவருக்கு நிஜமாகவே மனசு வலித்திருக்கும். வலிக்கட்டும்.

அந்தப் பெண் என்னையும் மதாமையும் மாறி மாறிப் பார்த்தாள். கையெல்லாம் சாம்பல்.

"இந்த ரெண்டு கப்ப மட்டும் கழுவி வச்சுட்டு வரட்டுமா அக்கா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன். கவுனிலேயே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இருவரும் முன்வாசல் வழியாகத்தான் வெளியே போனோம்.